கழனியும் எமது, கம்பெனியும் எமது

விடியற்காலை ஐந்தரை மணிக்குத் திமிரி பஸ் ஸ்டாண்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் கூட்டத்தை இந்த நாடு தொழிலாளி என்று எழுதிக்கொள்கிறது. அதே கூட்டம் ஞாயிற்றுக்கிழமை வரப்பில் நின்றால் விவசாயி என்று எழுதிக்கொள்கிறது. எழுதுகிற கணக்கு இரண்டு. உழைக்கிற உடம்பு ஒன்று. அந்த ஓர் உடம்பின் பெயரால் இந்தப் பிரகடனத்தை வெளியிடுகிறோம்.

நாங்கள் உழவர்கள். ராணிப்பேட்டையிலும் மேல்விஷாரத்திலும் தோல் பதனிடுகிறவர்கள் நாங்கள். சம்பாவுக்கு நாற்று விடுகிறவர்களும் நாங்கள். செய்யாறு சிப்காட்டில் ஷூ தைப்பவர்கள் எங்கள் வீட்டுப் பெண்கள். நவரையில் களை எடுப்பவர்களும் அவர்களே. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றுப் பக்கம் நெடுக எங்கள் உறவுக்காரர்கள் இதே இரட்டை வாழ்வை வாழ்கிறார்கள். இதை அரைகுறை விவசாயம் என்று அதிகாரம் நினைக்கிறது. அரைகுறை உழைப்பு என்று ஆலை நினைக்கிறது. நாங்கள் இதை முழு வாழ்வு என்று அறிவிக்கிறோம்.

இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பிள்ளை பிறந்த அன்றே பெயர் வைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

முழுநேர விவசாயி என்ற ஒரு மனிதனை நடுவில் நிறுத்திக் கட்டிய மானிய ஒழுங்கு முடிந்துவிட்டது. அதன் தோல்வியை நிரூபிக்க நாங்கள் கூடவில்லை. அதற்கு அடுத்து வருவதை அறிவிக்கக் கூடியிருக்கிறோம். அந்த ஒழுங்கு கற்பனை செய்த மனிதன் ஆண். அவன் பெயரில் பட்டா உண்டு, கிணற்றில் மோட்டார் உண்டு, கழனியை விட்டால் அவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. அவன் அளவுக்குத் தைத்த சட்டையை ஊருக்கே மாட்டிவிட்டார்கள். அவனோ எப்போதோ பஸ் ஏறிவிட்டான்.

கணக்கு அரசாங்கத்தின் கணக்குதான். 2018–19 விவசாய ஆண்டைப் பற்றித் தேசிய மாதிரி ஆய்வு எடுத்த கணக்கில், ஓர் இந்திய விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிர் தந்தது 3,798. கூலியும் சம்பளமும் தந்தது 4,063. விவசாயக் குடும்பம் என்று அரசே வரையறுத்த வீட்டுக்குள்ளேயே கதிரைவிடக் கூலி பெரிதாகிவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு நிலக் கைப்பற்றின் சராசரி அளவு, 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி, முக்கால் ஹெக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இரண்டு ஏக்கர் ஒருவனுக்கு ஆண்டு முழுவதும் வேலை தராது; ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் சோறு போடாது. வெளிவேலை எங்கள் விருப்பமா, கட்டாயமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: அது எங்கள் அறிவு.

பழைய ஒழுங்கின் ஆணிவேர் பட்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தாமஸ் மன்றோவின் காலத்தில், ரயத்துவாரி முறை சென்னை மாகாணத்தில் நிலைபெற்றபோது ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது. யாரிடம் வரி வசூலிப்பது என்பதே அன்றைய கேள்வி. பட்டா அதற்கான விடை. இருநூறு ஆண்டுகள் கழித்து நிலவரி பேருக்கு ஒரு தொகையாகச் சுருங்கிவிட்டது. அதை வாங்கப் பிறந்த காகிதம் மட்டும் பெருத்துவிட்டது. கும்பினி வரி வாங்க உண்டாக்கிய சீட்டை வைத்துக் குடியரசு மானியம் கொடுக்கிறது. வரி கேட்டு வருகிறவனுக்கு நிலத்தின் சொந்தக்காரன் போதும். உழைப்புக்கு ஊக்கம் கொடுக்க வருகிறவனுக்கு உழைக்கிறவன் வேண்டும். இந்த வேறுபாட்டை எந்த ஆட்சியும் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

எங்களில் ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறோம். கணவர் சென்னையில் கட்டட வேலை. மாமனாருக்குக் கண் தெரியாது. ஒன்றரை ஏக்கர் கழனியை ஆறு வருஷமாக அந்தப் பெண்ணே பார்க்கிறார். ஓர் அலுவலகத்தில் இடுபொருள் மானியம் கேட்கப் போனார்.

“பட்டா யார் பேர்ல இருக்கு?”

“மாமனாரோட அண்ணன் பேர்ல சார். இன்னும் பாகம் பிரிக்கல.”

“அப்ப நீ விவசாயி இல்லியே மா.”

அவர் கையை விரித்துக் காட்டியிருக்கிறார். கையைக் கணினியில் ஏற்ற முடியாதல்லவா. அன்றைக்கு அவர் கம்பெனியில் எடுத்த லீவுக்குச் சம்பளம் பிடித்தார்கள். அந்தப் பணத்துக்கு இரண்டு மூட்டை யூரியா வாங்கியிருக்கலாம். ஒரு மூட்டை 45 கிலோ, 266 ரூபாய் 50 காசு.

மானியம் எப்படி வெளிவேலையைத் தீர்மானிக்கிறது என்பதை எங்கள் மண் புத்தகமாகவே எழுதி வைத்திருக்கிறது. பழைய வட ஆற்காட்டை உலகம் படித்திருக்கிறது. 1973–74இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இங்கே ஊர் ஊராக வந்தார்கள். எண்பதுகளில் பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் பசுமைப் புரட்சியை மறுபடி அளந்து பார்த்தார்கள். பார்பரா ஹாரிஸ்-வைட்டும் எஸ். ஜனகராஜனும் ஆரணிப் பக்கத்து நெசல், விநாயகபுரம், வீரசம்பனூர் கிராமங்களை இருபத்தோராம் நூற்றாண்டின் வாசல் வரை பின்தொடர்ந்தார்கள். கிணற்றுக்குக் கிணறு போட்டி போட்டு ஆழமாவதைச் சுட்டிக்காட்டியவர்கள் அவர்கள். எங்கள் தாத்தாக்கள் பதில் சொன்ன கேள்விகளால் பெரிய புத்தகங்கள் பிறந்தன. அவற்றைப் படிக்க எங்களுக்கு இரண்டு தலைமுறை ஆயிற்று. படித்துவிட்டோம்.

இலவச மின்சாரத்தைப் பற்றி மரியாதையோடு பேசுவோம். யூனிட்டுக்கு ஒரு பைசா இரண்டு பைசா உயர்வை எதிர்த்து எழுபதுகளில் நாராயணசாமி நாயுடுவின் பின்னால் திரண்ட உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் விழுந்திருக்கிறார்கள். 1972இல் கோவையின் சாலைகளை மாட்டுவண்டிகள் அடைத்தன. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் வந்த இலவச மின்சாரம் அந்த உயிர்களின் விலை. அதை இழிவாகப் பேசுகிற எவரோடும் நாங்கள் ஒரே மேடையில் நிற்க மாட்டோம்.

ஆனால் அந்த வெற்றி எங்கள் கிணறுகளில் என்ன செய்தது என்பதையும் மறைக்க மாட்டோம். கரன்ட் இலவசம், துளை இலவசமில்லை. கையில் பணம் இருந்தவர் இன்னும் இருநூறு அடி இறக்கினார். இல்லாதவர் கிணறு வற்றியது. வற்றியவர் முதலில் மாட்டை விற்றார், பிறகு கம்பெனிக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டார். ஒரே மானியம் ஒரு வரப்பின் இந்தப் பக்கம் ஒருவரை ஊரில் நிறுத்தியது. அந்தப் பக்கம் இன்னொருவரை பஸ் ஏற்றியது. ஏரி இருந்த இடத்தில் ஏரி இருக்கிறது. மதகைத் திறக்க நாலு பேர் கூடிப் பேசிய பேச்சுத்தான் இல்லை. தண்ணீர் பொதுவாக இருந்தபோது உழவும் பொதுவாக இருந்தது. தண்ணீர் தனியாரின் குழாயானபோது உழவும் தனிமையானது.

இன்னொரு காட்சி. டீ நேரத்தில் லாக்கரிலிருந்து போனை எடுத்து ஒருவர் பொத்தானை அழுத்துகிறார். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி அவருடைய மோட்டார் ஓடத் தொடங்குகிறது. இந்தக் கருவிக்கும் அரசு மானியம் தருகிறது, நல்ல மானியம். உழவன் ஆலைக்குள் இருக்கிறான் என்பதை அரசு தெரியாமலே ஒப்புக்கொண்ட முதல் திட்டம் இதுதான் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். ஆனால் மோட்டார் ஓடுவது மட்டுமே போனுக்குத் தெரியும். வரப்பில் நண்டு வங்கு விழுந்து தண்ணீர் முழுக்கப் பக்கத்துக் கழனிக்குப் போவது அதற்குத் தெரியாது. மறுநாள் சண்டை. அதைத் தீர்க்க லீவு போட வேண்டும்.

நெல்லின் கதையும் இதுவே. 2025–26இல் சாதாரண ரக நெல்லுக்கு ஒன்றிய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில ஊக்கத்தொகை 131 சேர்த்துக் கொள்முதல் நிலையத்தில் 2,500. நிச்சய விலை நெல்லுக்கு இருக்கிறது. அறுப்பு மிஷின் நெல்லுக்கு வருகிறது. களைக்கொல்லி நெல்லுக்கு இருக்கிறது. கம்பெனி வேலையோடு சேர்த்துச் செய்யத் தோதான பயிர் நெல்தான். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அப்படிப்பட்டதில்லை. அதற்கு உட்கார்ந்து களை பறிக்க வேண்டும், குனிந்து பிடுங்க வேண்டும், குவித்து ஆய வேண்டும், காய வைத்து மழைக்கு அள்ள வேண்டும். ஆய்கிற கைகள் இப்போது ஷூ தைக்கின்றன. விலைக் கொள்கை நெல்லைப் பிடித்து நிறுத்தியது. வெளிவேலை மல்லாட்டையை வெளியே தள்ளியது. கொல்லைகள் கரம்பாகக் கிடப்பதைப் பார்த்து உழவரின் சோம்பல் என்கிறார்கள். கைகளின் கணக்கு அது.

பிஎம் கிசான் 2019 பிப்ரவரியில் தொடங்கியது: ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. மாதத்துக்கு 500. அது எங்களை ஊரில் நிறுத்தவும் போதாது, ஊரைவிட்டு அனுப்பவும் போதாது; ஷேர் ஆட்டோவுக்குப் போதும். பட்டா பெயரில் உள்ளவருக்கு அது வரும். வாரத்துக்கு உழுபவருக்கும், குத்தகைக்கு எடுத்தவருக்கும், நாற்று நடுகிற கூலிப் பெண்ணுக்கும் வராது. 2020இல் தமிழ்நாட்டில் ஐந்தரை லட்சம் தகுதியற்றவர்கள் பெயரில் சுமார் 110 கோடி ரூபாய் போயிருந்தது வெளிவந்தபோது நாடு அதிர்ந்தது. நாங்கள் அதிரவில்லை. உழவரைக் காணும் கண் இல்லாத திட்டத்துக்கு உழவர் அல்லாதவரைக் காணும் கண் எங்கிருந்து வரும்? 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் பேரின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது. தள்ளுபடிக்கு முன்னால் கடன் வேண்டும். கடனுக்கு முன்னால் சிட்டா, அடங்கல் வேண்டும். அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்கள் நகைக்கடைக்குப் போனார்கள், அல்லது சூப்பர்வைசரிடம் ஓ.டி. கேட்டார்கள்.

உலகம் இதே பாதையில் நமக்கு முன்னால் நடந்திருக்கிறது. போருக்குப் பிந்தைய ஜப்பானில் அரசு நெல்லுக்கு உயர்ந்த விலை கொடுத்தது, ஆலைகள் ஆண்களை இழுத்தன. தாத்தாவும் பாட்டியும் அம்மாவும் செய்யும் விவசாயம் என்று அந்த நாட்டவர் அதற்கு ஒரு செல்லப்பெயரே வைத்தார்கள். உழவுக் குடும்பங்களில் பெரும்பான்மை பகுதிநேரக் குடும்பங்களாயின. யாரும் நிலத்தை விற்கவில்லை, யாரும் நிலத்தில் தங்கவில்லை. அமெரிக்காவிலோ, 1996ஆம் ஆண்டுச் சட்டம் மானியத்தைப் பயிரிலிருந்து பிரித்து நேரே கையில் கொடுத்தது. அதை ஆராய்ந்தவர்கள், மானியம் கூடினால் உழவர் வெளிவேலை நேரத்தைக் குறைத்துக்கொள்வதைக் கண்டார்கள். அங்கே காசோலை பெரியது; அது ஓய்வை வாங்கித் தந்தது. இங்கே தவணை சிறியது. அது ஒரு நம்பிக்கையை மட்டும் தவணையில் தருகிறது. ஆகவே எங்கள் விடை ஜப்பானிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை.

கம்பெனியும் எமது என்று சொல்வதால் கம்பெனிக்கு வால் பிடிக்க வந்தவர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தந்த தீர்ப்பு எங்கள் மண்ணைப் பற்றியது. தோல் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. கழனியைக் கெடுத்த தண்ணீரும் கழனி கெட்டவனுக்குச் சம்பளம் தந்த வேலையும் ஒரே கதவு வழியாக வெளியே வந்தன. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி நள்ளிரவில் உடைந்து பத்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். பிழைக்க வந்த இடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். மண்ணைக் கொல்வதும் உழைப்பைக் கொல்வதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள் என்பது எங்களுக்குப் புத்தகம் சொன்ன பாடமில்லை.

இனி நாங்கள் நிற்கும் இடத்தையும் நாங்கள் மறுப்பதையும் சொல்கிறோம்.

‘விவசாயத்தை விட்டுட்டுப் போயிட்டான்’ என்ற வசையை மறுக்கிறோம். போனவர் சம்பளத்தில்தான் விதைநெல் வாங்கப்படுகிறது. உழவனைக் கடவுளாக்கிப் பாடும் சினிமாவின் பக்தியையும் மறுக்கிறோம், கடவுளுக்கு பி.எஃப். பிடிக்க வேண்டியதில்லை, எங்களுக்குப் பிடிக்க வேண்டும். நகரம்தான் முன்னேற்றம், நிலம் பழம்பெருமை என்ற படித்தவர்களின் தீர்ப்பை மறுக்கிறோம். நிலத்தை விடாதே என்று நகரத்தில் உட்கார்ந்து எங்களுக்கு உபதேசிப்பவர்களை இன்னும் உரக்க மறுக்கிறோம்.

மானியம் காகிதத்தோடு பிணைந்திருப்பது நீங்கி உழைப்போடு பிணைய வேண்டும் என்பது எங்கள் முதல் நிலைப்பாடு. பட்டா சொத்தின் சான்று. சாகுபடியின் சான்று அடங்கல். ஒவ்வொரு பட்டத்திலும், சொர்ணவாரியானாலும் சம்பாவானாலும் நவரையானாலும், பயிர் வைத்தவர் பெயர் அடங்கலில் ஏற வேண்டும். மானியம் அந்தப் பெயருக்குப் போக வேண்டும். குத்தகைதாரரைப் பதிவு செய்யும் சட்டம் இந்த மாநிலத்தில் 1969லேயே இயற்றப்பட்டது. புதுச் சட்டம் கேட்கவில்லை. பழைய சட்டத்தின் தூசியைத் தட்டச் சொல்கிறோம்.

இதில் எங்களுக்கே ஒரு கடமை உண்டு. எங்களில் பட்டா வைத்திருப்பவர்கள், தங்கள் கழனியில் வாரத்துக்கு உழைப்பவரின் பெயரை முதலில் எழுத வைப்பார்கள். இந்த வரியை எழுதிய இரவில் எங்களில் மூன்று பேர் எழுந்து போனார்கள். பெயர் எழுதினால் நிலம் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்துக்கு வயது ஐம்பதுக்கு மேல். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். மூன்றாமவருக்கு நாற்காலி போட்டே வைத்திருக்கிறோம்.

அடுத்தது நேரம். பணத்தைவிட எங்களிடம் குறைவாக இருப்பது அதுதான். எந்த மானியமும் அதைத் தரவில்லை. கொள்முதல் நிலையத்தில் டோக்கன் வாங்கி இரண்டு நாள் நெல்லுக்குக் காவல் கிடக்க முழுநேர விவசாயியால் முடியும், எங்களால் முடியாது. ஆகவே அந்த நெல் குறைந்த விலைக்கு வியாபாரியிடம் போகிறது, ஆதார விலை எங்களுக்கு ஆதாரமாக இருப்பதில்லை. கொள்முதல் நிலையமும் வேளாண் அலுவலகமும் மாலையிலும் ஞாயிறிலும் திறந்திருக்க வேண்டும். ஆலைகள் நடவுக்கும் அறுப்புக்கும் சம்பளத்தோடு விடுப்புத் தர வேண்டும். உழவரின் உழைப்பைக் குறைந்த கூலிக்கு வாங்க முடிவதே, வீட்டு அரிசி கழனியிலிருந்து வருவதால்தான். கழனி கம்பெனிக்குக் கொடுக்கும் மானியம் அது. எந்த பட்ஜெட்டிலும் அது ஏறவில்லை; நாங்கள் ஏற்றப் போகிறோம்.

மின்சாரம் இலவசமாகவே இருக்கட்டும். ஆனால் மிச்சம் பிடிக்கிறவருக்கு ஒரு பயன் வேண்டும். பஞ்சாபில் 2018இல் தொடங்கிய திட்டம் ஒன்று, ஒதுக்கிய அளவுக்குக் கீழே மின்சாரம் செலவிட்ட உழவருக்கு யூனிட்டுக்கு 4 ரூபாய் கையில் கொடுத்தது. இலவசத்தைப் பறிக்காமலே தண்ணீரை மதிக்க வைக்கும் வழி அது. இங்கே அந்தப் பணத்தில் ஏரிக்கும் ஒரு பங்கு போக வேண்டும், வரத்துக்கால்வாய் தூர் வாரவும் மதகு பழுது பார்க்கவும். மல்லாட்டை பிடுங்கவும் ஆயவும் சின்ன மிஷின்கள் பெண்கள் குழுக்களின் கையில் வாடகைக்கு இருக்க வேண்டும். பெரிய டிராக்டருக்குக் கொடுக்கும் மானியம் ஆண்களின் பெருமைக்குக் கொடுத்த மானியமாகவே பெரும்பாலும் முடிந்திருக்கிறது. இதை எழுதுகிற குழுவில் ஆண்களே அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

வரலாறு எங்கள் பக்கம் இருக்கிறது, ஏனென்றால் எண்ணிக்கை எங்கள் பக்கம் இருக்கிறது. இந்த நாட்டின் உழவு வீடுகளில் இரண்டு சம்பாத்தியம் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். திட்டங்கள் விதிவிலக்குக்காக எழுதப்பட்டுள்ளன. விதி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது.

முதல் கூட்டம் சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு, இரண்டாவது ஷிப்ட் பஸ் வந்து நின்ற பிறகு, திமிரியில் நடக்கும். வருகிறவர்கள் அடங்கல் நகல் ஒன்று கொண்டு வரவும். பட்டா யார் பெயரில் இருந்தாலும் பரவாயில்லை, பயிர் வைத்தவர் வர வேண்டும். நவரை நடவு தொடங்கிவிட்டதால் பன்னிரண்டுக்குள் முடித்துவிடுவோம்.